மர பைபிளேன் மாடலில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பாதியில் நின்றுபோன மர பைபிளேன் மாடல்களை, அதாவது மேலும் கீழுமாக இரண்டு இறக்கை உள்ள விமான மாடல்களை, நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மாடல் வேறு வேறாக இருந்தாலும் வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதேதான்: முறுக்கிக்கொண்ட இறக்கை, வளைந்த உடல், ஒன்றை ஒன்று பார்த்தபடி நேராக நிற்காத மேல், கீழ் இறக்கைகள், தொய்ந்த கம்பிகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாடல்களில் கோளாறு கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. கம்பி தொய்ந்தால் கை தானாகக் கம்பியை இறுக்கப் போகும். ஆனால் தப்பு ஸ்ட்ரட்டில், அதாவது மேல் இறக்கையைத் தாங்கி நிற்கும் காலில் இருக்கும். ஸ்ட்ரட் சாய்ந்ததற்குக் காரணம் மூன்று வாரம் முன்பு ஒட்டிய இறக்கையில் இருக்கும். அதனால் எதையும் இழுத்து, அழுத்தி, அறுத்துச் சரிசெய்வதற்கு முன்பு ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறியின் கீழும், அளந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிற காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பிரித்துச் செய்ய வேண்டியது கடைசியில் வரும்.

கையில் இருக்க வேண்டியவை: வளையாத தடிமனான கண்ணாடிப் பலகை, மூலைமட்டம், இரும்பு அளவுகோல், நீளாத நூல், 220, 400 எண் உப்புத்தாள், சாமணம், புது பிளேடு. பசையைப் பிரிக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் அசிட்டோனும். வெள்ளைப் பசையை ஆல்கஹாலோ வெந்நீரோ இளக்கும். சூப்பர் குளூவை அசிட்டோன்தான் கரைக்கும். எந்த மூட்டில் எந்தப் பசை போட்டீர்கள் என்று வரைபடத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிரிக்க நேரும் நாளில் இந்தக் குறிப்பு பெரிய உதவி.

## துண்டுகள் பொருந்தவில்லை

### பள்ளம் இறுக்கமாக இருக்கிறது, துண்டு உள்ளே இறங்கவில்லை

முதலில் துண்டின் எண்ணைப் பாருங்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுதான் ரிப். இறக்கையின் நடு ரிப்பும் அடுத்த ரிப்பும் ஒரே அச்சாக இருக்கும், பள்ளத்தின் ஆழத்தில் மட்டும் அரை மி.மீ. வித்தியாசம். மரத் தாளிலிருந்து வெட்டி எடுக்கும்போதே பென்சிலால் எண் போடாவிட்டால் கலந்துவிடும்.

எண் சரி என்றால், லேசர் வெட்டின் கரி. விளிம்பில் இருக்கும் கருப்பை 220 தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் பல சமயம் துண்டு தானாக இறங்கிவிடும். அதிகம் தேய்க்க வேண்டாம்.

அதுவும் இல்லை என்றால் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கலாம். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, குறுக்கே நன்றாக விரியும். காய்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். மழைநாளில் இறங்காத ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டம்) வெயில் நாளில் விரலால் தள்ளினாலே இறங்கும். பள்ளத்தை அகலப்படுத்துவது கடைசி வழிதான்.

### வரைபடத்தோடு துண்டு ஒத்துப்போகவில்லை

வரைபடத்தை நகல் எடுத்து அதன் மேல் கட்டுகிறீர்களா? நகல் இயந்திரம் அளவைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். வரைபடத்தில் இருக்கும் அளவுக்கோட்டை இரும்பு அளவுகோலால் அளந்து பாருங்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக. அசல் தாளே ஈரத்தில் நீண்டிருக்கவும் கூடும். அப்படியானால் துண்டை நம்புங்கள், தாளை நம்ப வேண்டாம்.

### ஒரு இறக்கை மற்றதைவிட நீளமாக இருக்கிறது

வெட்டாதீர்கள். முதலில் அது எந்த விமானம் என்று பாருங்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் வலது இறக்கை இடதைவிட 4 அங்குலம் நீளம். எஞ்சின் விமானியைவிடக் கனமானது, அது வலது பக்கம் இருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் அந்த நீளம். 1/16 அளவு மாடலில் அது ஏறக்குறைய 6 மி.மீ. வரும். கிட்டில் வந்த தப்பு என்று நினைத்து அதைச் சமமாக வெட்டிவிட்டு என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. ஸ்பாரிலிருந்தே புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

எப்போது வெளியே கேட்பது: துண்டு உண்மையிலேயே தப்பாக வெட்டப்பட்டிருந்தால், ஒட்டுவதற்கு முன்பே கிட் தயாரித்தவருக்குத் தாள் எண்ணோடு படம் எடுத்து அனுப்புங்கள். ஒட்டிய பிறகு கேட்டால் தப்பு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

## ஒட்டிய மூட்டு விட்டுப்போகிறது

விட்டுப்போன இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசை கண்ணாடிபோல் பளபளவென்று ஒரு முகத்தில் மட்டும் இருந்தால், துண்டைச் சேர்ப்பதற்கு முன்பே பசை மேல்தோல் கட்டிவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினால் போதும். முகம் கருப்பாக இருந்தால் கரியின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். கரிதான் உதிர்ந்தது, பசை அல்ல. தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். பசையே கண்ணில் படவில்லை என்றால் பால்சா என்கிற இளகிய, லேசான மரம் அதைக் குடித்துவிட்டது. குறிப்பாக நாரின் முனை தெரிகிற வெட்டு முகம் பசையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே முதலில் மெல்லிய ஒரு பூச்சு, அது பாதி காய்ந்ததும் இரண்டாவது பூச்சு, அப்புறம் சேர்க்க வேண்டும். மர நார் பிய்ந்து இரண்டு முகத்திலும் ஒட்டியிருந்தால் பசை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. மூட்டின் மேல் விழுந்த பாரம்தான் அதிகம். பாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள், பெரும்பாலும் கம்பி அதிகமாக இறுகியிருக்கும்.

சூப்பர் குளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் பனி படர்ந்தால் அது பசையின் ஆவி. பசையைக் குறைத்து, காற்றோட்டமாக வேலை செய்தால் வராது. வந்ததை மரத்தில் 400 தாளால் லேசாகத் தேய்த்து எடுக்கலாம். வழிந்த சூப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் அது சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும்.

## ரிப் உடைந்துவிட்டது

பயப்பட ஒன்றுமில்லை. துண்டு கிடைத்தால் உடைந்த வாக்கிலேயே சேர்த்து ஒரு சொட்டு மெல்லிய சூப்பர் குளூ விடுங்கள், பிளவுக்குள் தானாக ஓடிவிடும். காணாமல் போயிருந்தால், அடுத்த ரிப்பை அச்சாக வைத்து மீதமான மரத் தாளில் வரைந்து வெட்டுங்கள், நார் ரிப்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். மேலே தாளோ துணியோ ஒட்டி உறை போடாமல் எலும்புக்கூடாகவே காட்சிக்கு வைக்கப் போகும் மாடலானால் ஒட்டுத் தெரியும், அங்கே முழு ரிப்பையும் மாற்றுவதே நல்லது. நான்கைந்து ரிப் ஒரே தாளில் உடைந்திருந்தால், அச்சை எடுத்துக்கொண்டு லேசர் வெட்டும் கடைக்குப் போய்விடுங்கள்.

## இறக்கை முறுக்கிக்கொண்டது

முறுக்கம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல வேண்டாம். முதல் உலகப் போர் கால இறக்கைகளில் ரிப்பின் கீழ்ப்பக்கம் உட்குழிந்திருக்கும், அதனால் கண்ணாடிமேல் வைத்தால் நேரான இறக்கைகூட ஆடும். தச்சர்கள் பலகையைப் பார்க்கிற முறைதான் இதற்குச் சரி. ஒரே மாதிரியான இரண்டு நேரான குச்சிகளை எடுத்து, ஒன்றை உடலை ஒட்டிய ரிப்பின் மேலும் மற்றதை நுனிக்கு முந்தைய முழு ரிப்பின் மேலும், முன் ஸ்பார், பின் ஸ்பார் இரண்டையும் தொடுமாறு வையுங்கள். ஒரு கண்ணை மூடி, முன்னால் இருக்கும் குச்சியின் மேல்விளிம்பு வழியாகப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கம் இல்லை. ஒரு பக்கம் ஆப்புபோல் இடைவெளி தெரிந்தால், அந்த ஆப்புதான் உங்கள் முறுக்கம்.

எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்? 86 மி.மீ. அகலமுள்ள இறக்கையில் 1 டிகிரி முறுக்கம் என்றால் பின் விளிம்பு 1.5 மி.மீ. தூக்கும். அந்த அளவு இருந்தால் கம்பி கட்டும்போது நிச்சயம் தொல்லை தரும். அரை மி.மீ. என்றால் விட்டுவிடலாம்.

### பலகையிலிருந்து எடுத்த உடனேயே முறுக்கம்

கட்டிய பலகையைச் சோதியுங்கள், அதே இரண்டு குச்சி வைத்து. பலகை முறுக்கியிருந்தால் எத்தனை இறக்கை கட்டினாலும் அதேதான் வரும். பலகை சரி என்றால், பசை முழுவதும் காய்வதற்கு முன் குண்டூசிகளை எடுத்திருக்கிறீர்கள். வெள்ளைப் பசை அரை மணியில் பிடித்ததுபோல் இருக்கும், முழு வலிமைக்கு ஒரு நாள் வேண்டும். இதற்கு மருந்து சுலபம்: திரும்பவும் பலகையில் குத்தி, மூட்டுகளில் தூரிகையால் லேசாக நீர் தொட்டு, ஒரு நாள் விடுங்கள்.

### எடுக்கும்போது நேராக இருந்தது, சில நாளில் முறுக்கியது

ஒரு முகம் மட்டும் ஈரம் பட்டிருக்கிறது, அல்லது ஒரு முகத்தில் மட்டும் வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். மறு முகத்திலும் அதே பூச்சு அடித்துக் காயவிடுங்கள், பாதி சரியாகும். மீதிக்கு ஆவி. கெட்டிலின் வாயில் வரும் ஆவியில் இறக்கையை 20, 30 விநாடி காட்டி, முறுக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறும்வரை விடக் கூடாது. கை வலிக்கும், இருந்தாலும் இரண்டு நிமிடமாவது பிடியுங்கள். விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும், அதற்காகத்தான் அதிகம் திருப்பச் சொன்னேன். வெள்ளைப் பசை ஆவியில் இளகும், ஆகவே ஒரே மூச்சில் நீளமாகக் காட்டாமல், குறைவாகக் காட்டி இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

### ஆவி காட்டியும் திரும்பத் திரும்ப அதே முறுக்கம்

இங்கேதான் ஸ்பாரைச் சந்தேகப்பட வேண்டும். முறுக்கு நாருள்ள ஒரு ஸ்பார் மொத்த இறக்கையையும் இழுத்துக்கொண்டு போகும். ஒட்டும் முன்பே ஒவ்வொரு ஸ்பாரையும் மேசை விளிம்பில் நீட்டி வைத்து, நுனி எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்து ஜோடி சேர்த்திருந்தால் இது வந்திருக்காது. முன் ஸ்பாருக்கு ஒரு கனத்த மரமும் பின் ஸ்பாருக்கு ஒரு இளம் மரமும் அமைந்தால் இறக்கை நிம்மதியாக இருக்காது. வழி ஒன்றுதான்: பின் ஸ்பாரை ரிப்களுக்கு நடுவே அறுத்துத் துண்டு துண்டாக எடுத்து, பள்ளங்களைச் சுத்தம் செய்து, புது ஸ்பாரைப் பலகைமேல் குத்தி வைத்தபடி ஒட்டுவது. நான்கு மணி நேர வேலை. செய்தால் போய்விடும்.

உறை போட்ட பிறகு வந்த முறுக்கம் வேறு. அது கீழே உறைப் பகுதியில் வருகிறது.

## உடல் வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறது

மூக்கின் நடுவிலிருந்து வால் கம்பத்தின் நடுவரை ஒரு நூலைக் கட்டி மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபார்மரின் (உடலின் குறுக்கே நிற்கும் வடிவத் துண்டு) நடுக்கோடும் நூலுக்கு நேர் கீழே வர வேண்டும். நடுக்கோடு குறிக்கவில்லை என்றால் இப்போதாவது குறியுங்கள்.

ஒரே ஒரு ஃபார்மர் மட்டும் விலகினால் அது ஒட்டியதில் வந்த தப்பு. அதை மட்டும் இளக்கி நகர்த்தலாம். எல்லாம் ஒரே பக்கமாக வில்போல் விலகினால், இடப்பக்க லாஞ்செரானும் வலப்பக்க லாஞ்செரானும், அதாவது உடலின் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், ஒரே உறுதியுள்ள மரம் அல்ல. மூக்கிலும் வாலிலும் பக்கங்களைச் சேர்த்துக் கட்டும்போது இளகிய மரம் அதிகமாக வளைந்துகொடுத்துவிட்டது. வாலுக்கு அருகே உள்ள குறுக்குச் சட்டங்கள் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு, உடலை வரைபடத்தின் மேல்பார்வைப் படத்தில் குத்தி நிறுத்தி, சட்டங்களை மறுபடி வெட்டிப் போட்டால் நேராகிவிடும். பழைய சட்டத்தையே போட்டால் பழைய வளைவே வரும்.

பின்னாலிருந்து பார்க்கும்போது வால் மட்டும் ஒரு பக்கம் சுழன்று தெரிந்தால், உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பிகளைப் பாருங்கள். எலும்புக்கூடு மாடல்களில் ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறிபோல இரண்டு கம்பி போகும். ஒன்று மற்றதைவிட இறுகினால் அந்தக் கட்டம் சாய்சதுரமாகும். மூலைக்கு மூலை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டும் சமமாகும்வரை நீளம் குறைந்த பக்கத்துக் கம்பியைத் தளர்த்துங்கள். மற்றதை இறுக்க வேண்டாம்.

## மேல் இறக்கை சரியாக உட்காரவில்லை

என்னிடம் வருகிற மாடல்களில் பாதி இந்த இடத்தில் நின்றவை. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் தீராத கோளாறு இதில் இல்லை. முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று மூன்று திசையிலிருந்து பார்க்க வேண்டும், மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதற்கும் முன்னால், விமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாப்வித் கேமல் விமானத்தில் கீழ் இறக்கை நுனியை நோக்கி 5 டிகிரி மேலே ஏறும், மேல் இறக்கை தட்டையாக இருக்கும். 1/16 அளவில் இறக்கை விரிப்பு 53 செ.மீ. வரும் அந்த மாடலில், உடலருகே இருக்கும் இடைவெளியைவிட நுனியில் இடைவெளி ஏறக்குறைய 2 செ.மீ. குறைவாகத்தான் இருக்கும். இது தெரியாமல் இரண்டையும் இணையாக்க முயன்றால் ஒரு ஸ்ட்ரட்டும் பொருந்தாது. அதேபோல 1931ல் முதலில் பறந்த டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் இருக்கையில் இருப்பவர் எளிதாக வெளியேற மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள், தூக்குவிசை பழைய இடத்துக்கு வர இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள். சாய்வு விமானத்தின் குணம், உங்கள் தப்பு இல்லை.

### முன்னாலிருந்து பார்த்தால் ஒரு நுனி உயரமாக இருக்கிறது

மாடலைக் கண்ணாடிமேல் கட்டைகள் வைத்து, கீழ் இறக்கையின் இரண்டு நுனியும் சம உயரத்தில் வருமாறு நிறுத்துங்கள். இப்போது மேல் இறக்கை நுனிகளை அளந்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. சக்கரத்தில் நிற்கும்போது அளக்காதீர்கள்.

வித்தியாசம் இருந்தால் முதல் சந்தேகம் கேபேன் ஸ்ட்ரட், அதாவது உடலுக்கும் மேல் இறக்கையின் நடுவுக்கும் இடையே நிற்கிற குட்டைக் கால்கள். அவற்றின் மேல்முனைகள் 5 செ.மீ. இடைவெளியில் இருந்தால், ஒரு பக்கத்தில் 1 மி.மீ. தூக்கினாலே 25 செ.மீ. தள்ளியிருக்கும் நுனியில் 5 மி.மீ. தூக்கும். அவ்வளவு சின்ன இடத்துத் தப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியும்.

ஒருமுறை ஒரு நண்பரின் மாடலில் இடது நுனி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரட்களை இரண்டு தடவை புதிதாக வெட்டிவிட்டாராம். நான் நான்கு ஸ்ட்ரட்டையும் எடுத்து மேசைமேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி அளவுகோலை மேலே படுக்க வைத்தேன். ஜோடி ஜோடியாகச் சமமாகத்தான் இருந்தன. அப்புறம் ஸ்ட்ரட் உட்காரும் குழிக்குள் ஒரு ஊசியை விட்டுப் பார்த்தபோது, இடது முன்குழியில் மட்டும் ஊசி மற்றதைவிட மேலேயே நின்றது. உள்ளே காய்ந்த வார்னிஷ், ஒரு கடுகளவு. ஊசி முனையால் நோண்டினேன், மஞ்சள் செதில் ஒன்று கிளம்பி வந்தது. இறக்கை உட்கார்ந்துவிட்டது. அதனால் சோதிக்கிற வரிசை இதுதான்: முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து ஸ்ட்ரட்கள் இடம் மாறியிருக்கின்றனவா, முன்னதும் பின்னதும் ஒன்றல்ல என்பதைப் பாருங்கள். அடுத்து நீளத்தை ஜோடியாக ஒப்பிடுங்கள். கடைசியாகத்தான் புது ஸ்ட்ரட்.

### மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் முன்னே போயிருக்கிறது

வால் கம்பத்தில் ஒரு குண்டூசி குத்தி நூல் கட்டி, அதை இடப்பக்கம் வெளி ஸ்ட்ரட்டின் உச்சிக்கு இழுத்து நூலில் குறி போடுங்கள். அதே நூலை வலப்பக்கம் கொண்டுபோங்கள். குறி அதே இடத்தில் விழ வேண்டும். முதலில் கீழ் இறக்கைக்கு இதைச் செய்யுங்கள், பிறகு மேல் இறக்கைக்கு. கீழ் இறக்கையே கோணலாக ஒட்டியிருந்தால் மேலே என்ன செய்தாலும் பயனில்லை. கீழே சரியாக இருந்து மேலே மட்டும் குறி விலகினால், கேபேன் ஸ்ட்ரட்களின் குறுக்குக் கம்பியைத் தளர்த்தி நடுப்பகுதியை நகர்த்துங்கள்.

### பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் வேறு கோணத்தில் இருக்கின்றன

ஒரு நுனியில் மட்டும் அப்படி இருந்தால் அது முறுக்கம், மேலே உள்ள பகுதிக்குப் போங்கள். இரண்டு நுனியிலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால் முன் ஸ்ட்ரட், பின் ஸ்ட்ரட் நீள விகிதம் தப்பு. வரைபடத்தின் பக்கவாட்டுப் படத்தை அட்டையில் ஒட்டி, இரண்டு இறக்கையின் வடிவத்துக்கும் இடம்விட்டு வெட்டி, அப்படி இரண்டு அட்டைத் தாங்கிகள் செய்து இடமும் வலமும் நிறுத்துங்கள். இறக்கைகள் அதில் தாங்கி நிற்கும், இடைவெளியும் கோணமும் முன்பின் தள்ளலும் ஒரே நேரத்தில் சரியாக வரும். அட்டைத் தாங்கிகள் நிற்கும்போதே ஸ்ட்ரட்களை வெட்டிப் பொருத்தி ஒட்டுங்கள். அரை நாள் செலவழித்து அட்டை வெட்டச் சோம்பல்படுகிறவர்கள்தான் பிறகு மூன்று வாரம் கஷ்டப்படுகிறார்கள்.

எப்போது நிறுத்துவது: மூன்று திசையிலும் அளவு தப்பி, எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், கம்பிகளையும் மேல் இறக்கையையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மூன்று பைபிளேன் முடித்த ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் அளப்பதே இதில் பாதித் தீர்வு.

## கம்பிகள் தொய்கின்றன, அல்லது இறக்கை வளைகிறது

கீழே உடலருகிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் ஏறுவது பறப்புக் கம்பி. மேலே நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கம் இறங்குவது தரைக் கம்பி. ஒன்றை இறுக்கினால் எதிரே குறுக்காகப் போவதும் இறுகும், அதற்கு இணையாக ஓடுவதுதான் தளரும். இது தெரிந்தால் கீழே உள்ளது எல்லாம் புரியும்.

ஒன்றிரண்டு மட்டும் தொய்ந்தால் இறுக்காதீர்கள், அதற்கு இணையாக ஓடும் கம்பியை விரலால் தட்டிப் பாருங்கள். அது வீணைத் தந்திபோல் கணீரென்றால் அங்கேதான் அதிகம். அதைத் தளர்த்தினால் தொய்ந்தது தானாக நிமிரும்.

எல்லாமே சில வாரத்தில் தொய்ந்தால் கட்டிய பொருளைப் பாருங்கள். பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் கொண்டே இருக்கும். நைலான் நரம்பானால் சூடான சால்டரிங் இரும்பைத் தொடாமல் அருகே நகர்த்தினால் சுருங்கி நிமிரும், கை ஒரு இடத்தில் நின்றால் அறுந்துவிடும். எலாஸ்டிக் நூல் இறக்கையை வளைக்காது, தொய்யவும் செய்யாது. முதல் மாடல் கட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இறுக்கும்போது இறக்கை வளைந்தால் உடனே நிறுத்துங்கள். காட்சி மாடலில் கம்பி நேராகத் தெரிந்தால் போதும், பாரம் தாங்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து வெளியே, இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் இறக்கை முதல் பக்கம் சாய்ந்திருக்கும்.

கம்பி பிடிக்கும் கொக்கி பிய்ந்து வந்தால் பால்சாவில் நேராகக் குத்தியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு சின்னப் பிளைவுட் துண்டு உள்ளிருந்து ஒட்டி, அதில் துளையிட்டு, எபாக்சியால் பிடிக்க வையுங்கள்.

எந்த நிலையிலும் கம்பியை இழுத்து இறக்கையின் கோணலை நிமிர்த்தாதீர்கள். அன்று நிமிர்ந்ததுபோல் தெரியும், பிறகு வேறொரு மூட்டில் பிய்ந்துகொண்டு வரும்.

## உறை சுருங்கவில்லை, வெளுக்கிறது, இறக்கையை இழுக்கிறது

டிஷ்யூ தாள் தொய்வாக இருந்தால் மெல்லிய நீர்த் தெளிப்பு போதும், காயும்போது இறுகும். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகுதான் தெளிக்க வேண்டும், காயும்வரை இறக்கையைப் பலகைமேல் பாரம் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டித் தெளித்தால் இறக்கை அந்தப் பக்கம் சுருண்டுகொள்ளும். அப்படி ஏற்கெனவே இழுத்துவிட்டால், மறுபக்கத்தையும் ஒட்டி, இரண்டையும் ஈரமாக்கி, பின் விளிம்பின் அடியில் ஆப்பு வைத்து எதிர்ப்பக்கமாக முறுக்கிக் காயவிடுங்கள்.

சுருக்கம் விளிம்பில் மட்டும் இருந்தால் அந்த இடத்தை நனைத்துப் பசையை இளக்கி இழுத்து ஒட்டலாம். டோப் (உறையை இறுக்க அடிக்கும் பூச்சு) அடித்ததும் வெண்மை படர்ந்தால் காற்றில் ஈரம் அதிகம்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த நாளில் கரைப்பான் மட்டும் ஒரு மெல்லிய கை ஓட்டினால் பெரும்பாலும் மறையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகே நெருப்பு கூடாது.

## உலோகத் துண்டுகள் ஒடிகின்றன

பித்தளைத் தகடு மடிக்கும்போது ஒடிந்தால், மடிக்கும் முன் அதை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டுப் பாருங்கள், ஈயத்தகடுபோல் மடியும். ஒருமுறை மடித்ததைத் திரும்ப நிமிர்த்தி மடிக்க வேண்டாம். வெள்ளை உலோக வார்ப்புகளைச் சூடாக்கவே கூடாது, உருகிவிடும். அவற்றை மெதுவாக விரலால் வளையுங்கள், ஒடிந்தால் எபாக்சி.

கேபேன் போன்ற பாரம் தாங்கும் பித்தளை மூட்டு விட்டுப்போய், பக்கத்தில் மரமும் துணியும் இருந்தால் நீங்களே சூடு காட்டாதீர்கள். நகை வேலை செய்பவரிடம் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

## முடிந்த மாடல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள், அலமாரிப் பலகையே சாய்வாக இருப்பதுண்டு. கண்ணாடியிலும் சாய்ந்தால் சக்கரங்களை இடம் மாற்றிப் போடுங்கள். சாய்வு பக்கம் மாறினால் ஒரு சக்கரத்தின் துளை நடுவில் இல்லை. மாறவில்லை என்றால் அச்சு அல்லது கால்கள். பழைய விமானங்களில் அச்சைக் காலோடு சேர்த்து ரப்பர் கயிறு சுற்றிக் கட்டியிருப்பார்கள், மாடலிலும் அதே மாதிரி நூல் சுற்றியிருக்கும். தாழ்ந்த பக்கத்தில் சுற்றை அவிழ்த்து, மாடலை இரண்டு நுனியும் சம உயரத்தில் கட்டைமேல் நிறுத்தி, அச்சு கண்ணாடியைப் பார்த்து இணையாக வந்ததும் அதே நிலையில் மறுபடி சுற்றி ஒரு சொட்டுப் பசை வையுங்கள். பசை காயும்வரை கட்டையிலிருந்து இறக்க வேண்டாம்.